இழுத்துப் போகக்கூடாத கார்

மலிவு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது ஆசை அல்ல, எரிச்சல்தான். பதுளைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. ஓட்டைக் குடத்தை ஒட்டி, பளபளவென்று தேய்த்து, 'புதுசு மொதலாளி' என்று கொண்டுவந்து நீட்டியவர்கள் எத்தனையோ பேர். தட்டிப் பார்க்காமல் நான் ஒரு தம்ளர்கூட வாங்கியது கிடையாது. என் மனைவி கம்சலா கேலி செய்வாள்: "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னையும் தட்டிப் பாத்திருப்பீங்க. எங்கப்பா பக்கத்துல நின்னாரு, விட்டுட்டீங்க." சொல்லட்டும். ஏமாந்த பிறகு அழுவதைவிட முன்கூட்டியே சந்தேகப்படுவது மேல்.

அப்படிப்பட்ட நான்தான் ஓடாத காரை வாங்கினேன்.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கோயில் திருவிழா. அன்னதானத்துக்கு அண்டாக்கள் கேட்டிருந்தார்கள். கடை வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த பழைய பங்களாவின் பின்புறம் ஒரு கராஜ் திறந்திருந்தது. உள்ளே அது நின்றது. எம்.ஜி. மிட்ஜெட். இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய, இடுப்பளவு உயரம்கூட இல்லாத இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பு. துணிக்கூரையை எலி தின்றிருந்தது. நாலு டயரிலும் காற்று இல்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது வேண்டும் என்றாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கல்யாணத்தில்கூட நெஞ்சு அப்படி அடித்ததில்லை. கம்சலாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கராஜின் பின்பாதியைச் சாக்குத் திரை கட்டி மறைத்திருந்தார்கள். அதை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதைத் தொட்டிருக்கும். கொழுந்து பறிக்கிற கை, விரலெல்லாம் கறுப்பேறியிருந்தது.

"என்ன மொதலாளி, காரையா பாக்குறீங்க?"

"சும்மாதான் அக்கா. யாருது?"

"எங்க வீட்டுக்காரரோடது. கணபதின்னு பேரு. இந்தப் பங்களாவுல டிரைவரா இருந்தாரு. பெரிய தொரை ஊரை விட்டுப் போறப்ப அவருக்கே குடுத்துட்டுப் போயிட்டாரு. இப்ப அவரும் போய்ச் சேந்துட்டாரு."

"குடுப்பீங்களா?"

அவள் ஒரு விலை சொன்னாள். எங்கள் கடையில் ஒரு கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரம் எடுத்தால் அதைவிடக் கூட வரும். பழக்கதோஷம், நான் அதிலும் பாதி கேட்டேன். "சரி மொதலாளி" என்றாள் உடனே.

அடேயப்பா! அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தரிக்காய்க்கே கால்மணி நேரம் பேரம் பேசுகிற ஊர் இது. ஒரு காரைப் பாதி விலைக்குக் கேட்டால், "போய்யா, உன் வேலையைப் பாத்துக்கிட்டு" என்றல்லவா சொல்ல வேண்டும்? பணத்தை எடுக்கப் போனால் அதையும் தடுத்தாள். கொஞ்சம்போல முன்பணம் கொடுங்கள், மிச்சம் வண்டி வெளியே போகிற அன்றைக்குப் போதும் என்றாள். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"இழுத்துட்டுப் போகக் கூடாது. லொறியில ஏத்தவும் கூடாது. பொணத்தத்தான் அப்பிடித் தூக்கிட்டுப் போவாங்க. அவரு ஓட்டிக் கொண்டாந்து நிறுத்துன வண்டி, ஓடித்தான் வெளிய போகணும். இங்கயே வச்சு ரிப்பேர் பண்ணிக்கிடுங்க."

"எனக்குக் கடை இருக்கே அக்கா. ஞாயித்துக்கெழமதான் வரலாம்."

"ஞாயித்துக்கெழம மட்டுமா?" அவள் முகம் தெளிந்தது. "அப்ப ரொம்ப நல்லது."

இதில் நல்லது என்ன இருக்கிறது? சோழியன் குடுமி சும்மா ஆடாது. ஆனாலும் என் கை முன்பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆசை அறிவை மறைக்கும் என்பது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான் போலும்.

திரும்பும் வழியில் லுணுகலை டவுனில் ஜஸீலின் கடையில் வேனை நிறுத்தினேன். பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கிறவன், என்னோடு படித்தவன். அதற்குள் இலக்கத் தகட்டில் இருந்த எண்களைக் கூட்டிப் பார்த்திருந்தேன். எட்டு வந்தது. சனியன் பிடித்த எட்டு.

"டேய், உண்மையச் சொல்லு. அந்தக் காருக்குள்ள யாராச்சும் செத்திருக்காங்களா?"

ஜஸீல் சிரித்தான். "காருக்குள்ள யாரும் மௌத்தாகல்ல மச்சான். கணபதி அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் போனாரு. ஆனா ஒண்டு சொல்றன் கேளு. ஒனக்கு முந்தி ரெண்டு பேர் வந்தானுகள். மொனராகலையில இருந்து ஒருத்தன் லொறியோடயே வந்தான். நீ சொல்ற விலையப் போல மூணு மடங்கு தாறன் எண்டான். கணபதி அண்ணன்ட பொஞ்சாதி இராக்கம்மா வெளக்குமாத்தத் தூக்கிட்டா."

மூன்று மடங்கு தருகிறவனுக்கு விளக்குமாறு. பாதி கேட்கிற எனக்குச் சரி மொதலாளி. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கம்சலா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "வாங்குறதுக்கு முந்தி சந்தேகப்படுவாங்க. வாங்கிட்டுச் சந்தேகப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

ஞாயிறு தவறாமல் போனேன். எலிக்கூடுகளை வழித்தெறிந்தேன், டயர்களை மாற்றினேன். எஞ்சின் இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கும் என்று பயந்தேன், இல்லை. கணபதி சாகும்வரை எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றி வைத்திருக்கிறார், நல்ல மனிதர். மொரிஸ் மைனர் சாமான்கள் பலதும் இந்த எஞ்சினுக்குப் பொருந்தும். ஜஸீலிடம் அது நிறைய உண்டு. கையெல்லாம் கிறீஸ், முதுகெல்லாம் வலி, மனசெல்லாம் சந்தோஷம். பாத்திரக்கடையில் வாரம் முழுக்க எடை போடுகிறவனுக்கு இது வேறு உலகம்.

இராக்கம்மா மத்தியானம் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுப்பாள். அவளுடைய மகள் தனுஜா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். நான் போகும்போதெல்லாம் காருக்குள் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் புத்தகங்களை அள்ளிக்கொண்டு இறங்குவாள். இவளைக் காவலுக்கு வைத்திருக்கிறாள் தாய்க்காரி என்று நினைத்துக்கொண்டேன். எதைக் காவல் காக்கிறார்கள்? சீட்டுக்கு அடியில் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா? இரண்டு சீட்டையும் கழற்றிப் பார்த்தேன். எலிப்புழுக்கைதான் இருந்தது.

"எதுக்கும்மா காருக்குள்ள படிக்கிற? வீட்டுல படிக்கக் கூடாதா?"

"வேற எடம் எங்க சார் இருக்கு?" என்றாள். அவர்கள் இருந்த லயத்து வரிசைவீடு மண் சரிந்ததில் சுவரெல்லாம் வெடித்துவிட்டதாம். அதற்குப் பிறகு கராஜின் பின்பாதியில்தான் குடித்தனமாம். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவலை கார்புரேட்டரில் இருந்தது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வேலை தொடங்கியது.

ஒரு ஞாயிறு, எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற பொயின்ட் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து முடுக்கிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. சரி, நான்தான் சரியாக முடுக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தன. அதற்கும் அடுத்த ஞாயிறு பெற்றோல் குழாயே கழன்று கிடந்தது. எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது.

"அக்கா, யாரு இங்க வந்து கை வைக்கிறது?"

"எலியா இருக்கும் மொதலாளி."

"எலி ஸ்பானர் புடிக்குமா அக்கா?"

அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

பக்கத்து லயத்துப் பையன்களா? மொனராகலை லொறிக்காரனா? திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போவான். இங்கே ஒரு திருகாணிகூடக் காணாமல் போகவில்லை. கழற்றின சாமானெல்லாம் பழந்துணியில் பத்திரமாகச் சுற்றி அங்கேயே வைத்திருந்தது. கெடுக்கவும் வேண்டும், உடையவும் கூடாது. இது என்ன மாதிரிப் புத்தி? என் ரொட்டியைக்கூட முகர்ந்து பார்த்துத் தின்ன ஆரம்பித்தேன்.

கம்சலாதான் வழி சொன்னாள். தன்னுடைய நகப்பூச்சுக் குப்பியை எடுத்து நீட்டினாள். "ஒவ்வொரு ஸ்க்ரூ மேலயும் ஒரு பொட்டு வச்சுட்டு வாங்க. யாராச்சும் திருப்பினா வெடிச்சுப்போகும். திருடனைப் புடிக்கிறீங்களோ இல்லையோ, காராச்சும் அலங்காரமா இருக்கும்."

வைத்தேன். அடுத்த ஞாயிறு போய் எஞ்சின் மூடியைத் தூக்கினேன். நாலு பொட்டு வெடித்திருந்தது. அவற்றைச் சுற்றிக் கறுப்பு விரல் தடம். கிறீஸ் கறுப்பு இல்லை. கொழுந்துக் கறை. அந்தக் கறையை நான் ஒவ்வொரு ஞாயிறும் ரொட்டித் தட்டின் ஓரத்தில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தட்டை வைத்த கைதான் குழாயையும் பிடுங்கியிருக்கிறது! அவளைக் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். லயத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இது ஒங்க வேலையா?"

"நான் எதுக்கு மொதலாளி..."

"கோயிலுக்கு வாங்க. மாரியம்மன் முன்னுக்குக் கற்பூரம் ஏத்துவோம். நான் கை வைக்கலன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் மன்னிப்புக் கேட்டுட்டு, பேசுன பணத்துல இன்னொரு மடங்கு வச்சுட்டுப் போறேன்."

கற்பூரச் சத்தியம் என்பது எங்கள் ஆட்களிடம் விளையாட்டுக் காரியம் அல்ல. பொய்யாக அணைத்தால் குடும்பம் விளங்காது. வாயில் ஆயிரம் பொய் சொல்கிறவர்களும் அந்த நெருப்பில் கையை வைக்கத் தயங்குவார்கள். இராக்கம்மா மகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"கற்பூரம் வேணாம்."

"ஏன்?"

"எனக்கு ஒத்தப் புள்ள. வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆம், நான்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. ஏன் செய்தேன் என்றும் சொல்லவில்லை. நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஏமாற்றுக்காரி என்றேன். இன்றைக்கு இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அன்று அவள் கொடுத்த தண்ணீரைக்கூட நான் தொடவில்லை. எஞ்சின் பக்கத்தைவிட்டு அரை அடி விலகவில்லை. ஒவ்வொன்றாக மாட்டினேன், அளந்தேன், முடுக்கினேன். வேன் பெட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். சாயந்தரத் தேத்தண்ணி நேரத்துக்குச் சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். ஒரு கரும்புகை கக்கிவிட்டு, பிடித்துக்கொண்டது!

அந்தச் சத்தம்! மலை முழுக்க எதிரொலித்தது. லயத்தில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். "கணபதி அண்ணன் எந்திரிச்சு வந்த மாதிரியே இருக்கு" என்று ஒரு கிழவர் கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டையெல்லாம் மறந்து, இராக்கம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் சாக்குத் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தனுஜா அடுக்குப் பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுச் சேலையில் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அழவில்லை. வேலை செய்கிறவர்கள் மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

இது என்ன கூத்து என்று நான் யோசிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. தோட்டத்தின் சின்னத் தொரை, அதாவது உதவி மேனேஜர். முப்பது வயதுகூட இருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்த வாட்சரின் கையில் ஒரு புதுப் பூட்டு.

"சத்தம் கேட்டுத்தான் வந்தேன். கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க பெரிய உதவி செஞ்சீங்க. இன்னைக்கே எடுத்துட்டுப் போறீங்கதானே?"

"ஒங்களுக்கு என்ன சார் உதவி?"

"இந்தப் பங்களாவ டூரிஸ்ட் ஆக்களுக்குத் திருத்தப் போறோம். கராஜ் வேணும். பழைய மேனேஜர் போகும்போது சொல்லிட்டுப் போயிருக்கார், கணபதியோட கார் இருக்கும்வரைக்கும் கராஜ் காருக்குன்னு. அடுத்தவன் வாகனத்துல கை வச்சா யூனியன்காரங்க சும்மா விடுவாங்களா? பழைய இரும்புன்னு தூக்கிப் போடலாம்னு பார்த்தா, இந்த அம்மா ஒரு ஆளைக் கொண்டுவந்து ரிப்பேர் செய்யத் தொடங்கிட்டாங்க. ரிப்பேர்ல இருக்கிற வண்டியை இரும்புன்னு சொல்ல ஏலாதுதானே?"

"அப்ப இவங்க?"

"கராஜ் காருக்குத்தான். ஆக்களுக்கு இல்ல." சாதாரணமாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் போலவும் தெரியவில்லை. "மேல் லயத்துல ஒரு காம்பராவுல சேர்ந்து இருக்கச் சொன்னோம். அங்க ஏற்கனவே ரெண்டு குடும்பம். வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு முடியாதுன்னுட்டாங்க. நாங்க என்ன செய்ய?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மடங்கு தர வந்தவனுக்கு விளக்குமாறு ஏன், ஞாயிறு மட்டும் என்றதும் முகம் தெளிந்தது ஏன், கெடுத்தும் உடைக்காமல் துணியில் சுற்றி வைத்தது ஏன், எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஓட்டைக் காருக்குக் கூரை உண்டு. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மாலை வரை மலையில் நிற்கிற மனுஷிக்கு இல்லை. அவள் அந்தக் காரை அண்டிக் குடியிருக்கிறவள். நான் அதை ஓட்டிக்கொண்டு போனால் வாசலில் பூட்டு விழும்.

வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"எங்க சார் எடுத்துட்டுப் போறது? எஞ்சின் ஓடுது. வண்டி ஓடாது. கியர்பொட்டி செத்துப்போச்சு."

சின்னத் தொரையின் முகம் மாறியது. "எவ்வளவு நாள் ஆகும்?"

"யாருக்குத் தெரியும்? சாமான் லண்டன்ல இருந்து வரணும். இந்தக் காலத்துல எப்ப வரும்னு சொல்ல முடியுமா?"

"பரவால்ல, ஃபெக்டரி ட்ராக்டர் இருக்கு. இழுத்துக் குடுக்கிறேன்."

"இழுக்கக் கூடாது!" நான் போட்ட சத்தத்தில் வாட்சர் பின்வாங்கினான். "ஓடாத வண்டிய இழுத்துட்டுப் போறது எங்க ஆளுங்களுக்கு ஆகாது சார். பொணத்தத்தான் அப்பிடிக் கொண்டுபோவாங்க. அந்தப் பேச்சுலதான் வாங்கினேன். முன்பணம் குடுத்தாச்சு, இப்ப வண்டி என்னுது. என் சம்மதம் இல்லாம யாரு தொட்டாலும் நேரா பொலிசுக்குப் போவேன். பதுளையில எங்க கடைக்குப் பேரு இருக்கு, கேட்டுப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் யாரையும் நம்பாதவன், நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? ஆனால் கியர்பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆள் அவர் இல்லை. "சீக்கிரம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வாட்சரை ஏற்றிக்கொண்டு போனார். கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

இராக்கம்மா கழற்றின திரையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஏன் அக்கா மொதல்லயே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

வாங்கியிருக்கமாட்டேன். அதனால் பேச்சை மாற்றினேன். "இனிமே ஒண்ணையும் கழத்தாதீங்க. பெற்றோல் குழாயைப் புடுங்கி வச்சு, பக்கத்துலயே அடுப்பும் மூட்டுறீங்க. பத்திக்கிட்டா என்ன ஆகும்? கழத்த வேண்டியத நானே ஞாயித்துக்கெழம வந்து கழத்திக்கிறேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம் ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன். பொய் சொல்லியிருக்கிறேன், தொரையோடு மோதியிருக்கிறேன், ஓடுகிற காரை விட்டுவிட்டுப் போகிறேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

அவள் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை என் வாழ்நாளில் யாரும் என்மேல் வைத்ததில்லை. கையை நீட்டித் தனுஜாவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"இதுக்கு நீங்க என்ன கேக்கப் போறீங்க மொதலாளி?"

எனக்கு முகம் சுட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, முன்பணத்தையும் விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. என்னையா? என்னைப் பார்த்தா? பிறகு அந்தப் பிள்ளையின் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தேன். சும்மா கிடைக்கிற எதையும் இவள் ஏன் நம்ப வேண்டும்? நான் நம்பினேனா?

"வர்ற ஞாயிறு என் பொஞ்சாதி கம்சலாவையும் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். "இனிமே எப்ப வந்தாலும் அவளோடதான் வருவேன்."

இராக்கம்மா திரையை மறுபடி ஆணியில் மாட்டினாள். மகளை உள்ளே போகச் சொன்னாள். தான் மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"வரட்டும்" என்றாள். "பாப்போம்."